வீட்டின் தளப்படமும் மரபா?

கேள்வி: கொழும்பின் தற்காலக் கலைக் காட்சிகளில் கோயில் ஓவியங்களைக் காண முடிவதில்லை, வீட்டுப் படங்களும் பழைய ஆவணங்களுமே கண்ணில் படுகின்றன. இவற்றை எவ்வாறு நமது மரபு என்பது?
— வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: மரபு கோயிலோடு முடிந்துவிடுவதில்லை. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட கலைநூலை எடுத்துக்கொள்ளுங்கள். போரினால் இடம்பெயர்ந்தோர் தாம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த படமும், அதனைக் கட்டடக்கலைஞர் ஒழுங்குபடுத்திய தளப்படமும், ஓவியர் தீட்டிய சித்திரமும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளைப் பதிந்த தோம்பின் பெயரையே அந்நூல் தாங்குகிறது; ஆட்சியாளர் வரி அறவிட எழுதிய பதிவேட்டின் பெயரை, வீடிழந்தவர்களின் நினைவுப் பதிவுக்குச் சூட்டியது எனக்கு மிகுந்த நெகிழ்ச்சி தருகிறது. கிணறும் முற்றமும் எங்கிருந்தன என்பதை ஒருவர் மறக்காதிருப்பதும் மரபே அல்லவா?

கொழும்பில் 2019இல் தொடங்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் விளக்கங்கள் தமிழிலும் இருக்கும். படைப்பின் முன் சற்று நேரம் நின்ற பின்னர் அவற்றைப் படியுங்கள்; பிள்ளைகளையும், முடிந்தால் ஊர் வீட்டை நினைவில் வைத்திருக்கும் அம்மம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்.