சரக்கு மேசை: கேள்வி பதில்
லாரி திட்டமிடலை ஆன்லைனில் படிக்க விரும்புவோருக்கு

பி.காம். முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் டிஸ்பாட்ச் வேலை பார்க்கிறேன். பிளானராக உயர ஆசை. 500 ரூபாய் கோர்ஸிலிருந்து லட்ச ரூபாய் டிப்ளமோ வரை விளம்பரம் வருகிறது. எதில் சேர்வது?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

முதலில் காசில்லாமல் தொடங்குங்கள். மத்திய அரசின் ஸ்வயம்-என்பிடெல் ஆன்லைன் பாடத் தளத்தில் சப்ளை செயின், லாஜிஸ்டிக்ஸ் பாடங்கள் 8 வாரம், 12 வாரம் என்று நடக்கின்றன. வீடியோ இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தர அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. அசைன்மென்டில் குறைந்தது 10, தேர்வில் 30 எடுத்தால்தான் தேர்ச்சி. பலர் தேர்வில் நல்ல மார்க் வாங்கியும், அசைன்மென்டை விட்டுவிட்டதால் கோட்டை விடுகிறார்கள்.

கணக்கில் பயமில்லை என்றால் அடுத்தது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் ஆன்லைனில் நடத்தும் மைக்ரோமாஸ்டர்ஸ். மொத்தம் ஐந்து பாடங்கள். முதல் பாடமான சப்ளை செயின் அனலிட்டிக்ஸ் ஒன்றை ஒழுங்காக முடித்தாலே எக்ஸெல் மேல் உங்களுக்கு இருக்கும் பிடி மாறிவிடும். ஐந்தையும் முடித்தே தீர வேண்டும் என்ற அவசியம் பிளானர் வேலைக்கு இல்லை.

ஏஎஸ்சிஎம் என்ற அமெரிக்க சப்ளை செயின் அமைப்பின் சிஎல்டிடி சான்றிதழ் போக்குவரத்து, கிடங்கு, விநியோகம் மூன்றையும் தொடும். 8 பகுதிகள், 150 கேள்விகள், மூன்றரை மணி நேரத் தேர்வு. செலவு நம் ஊர் சம்பளத்துக்குக் கனம்தான். கம்பெனி கட்டினால் எழுதுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 75 புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஃபியாட்டா டிப்ளமோவையும் இதே வரிசையில் வைத்து விற்கிறார்கள். அது ஃபிரைட் ஃபார்வர்டிங்குக்கானது, அதாவது பிறர் சரக்கை நாடு விட்டு நாடு அனுப்பித் தரும் முகவர் வேலைக்கு. கப்பல், விமானம், கஸ்டம்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு நல்லது. நாளைக்கு எந்த லாரியில் எந்த லோடு என்று முடிவெடுக்கும் வேலைக்கு அது நேர் வழியல்ல.

எந்தக் கோர்ஸ் ஆனாலும் பணம் கட்டுமுன் ஒரு மாதிரி அசைன்மென்ட் கேளுங்கள். பத்து ஆர்டர், மூன்று வண்டி, இறக்கும் நேரக் கட்டுப்பாடு, டீசல், டோல், பேட்டா கொடுத்து டிரிப் ஷீட் போடச் சொல்கிறதா, இல்லை “லாஜிஸ்டிக்ஸின் ஏழு அம்சங்களை எழுதுக” என்கிறதா? இரண்டாவது வகை என்றால் 500 ரூபாய்கூட அதிகம்.

ஆன்லைன் வகுப்பில் எக்ஸெல் சால்வர் (கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த விடையைத் தேடித் தரும் கருவி) சொல்லித் தந்தார்கள். 54 பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) சரக்கைப் போட்டுப் பார்த்தேன். 32 அடி கன்டெய்னர் லாரி இரண்டு போதும் என்றது. லோடிங் மேடையில் நான்கு லாரி பிடித்தது. மேனேஜரிடம் நல்ல திட்டு. எங்கே தப்பு? பேலட் அளவு 1.2 x 1.0 மீ., உயரம் 1.5 மீ., எடை 350 கிலோ.
– வாசகி, ஓசூர்

சால்வர் தப்புச் செய்யவில்லை. கன அளவை மட்டும் கொடுத்தால் அது கன அளவை மட்டும்தான் பார்க்கும். உங்கள் ஒரு பேலட் 1.8 கன மீட்டர், 54-க்கு 97. 32 x 8 x 8 அடி வண்டி சுமார் 58 கன மீட்டர். 97-ஐ 58-ஆல் வகுத்தால் 1.7, ஆகவே இரண்டு லாரி.

ஆனால் 1.5 மீட்டர் உயரப் பேலட்டின் மேல் இன்னொன்றை ஏற்ற முடியாது, கூரை 2.44 மீட்டர்தான். அப்புறம் கணக்கு தரைக்கு வந்துவிடுகிறது. நீளம் 9.75 மீட்டர். 1.2 பக்கத்தைக் குறுக்கே வைத்தால் ஒரு வரிசைக்கு இரண்டு, மொத்தம் 9 வரிசை, 18 பேலட். மூன்று வண்டியில் 54 சரியாக அடங்கும், காகிதத்தில். குறுக்கே தேவைப்படுவது 2.40 மீட்டர், எட்டடி என்பது 2.44. உள்பக்கத் தகடும் கம்பியும் சேர்ந்து அந்த 4 சென்டிமீட்டரைத் தின்றுவிட்டால் இரண்டு பேலட் அருகருகே நுழையாது. ஒரு பக்கம் 1.2, மறு பக்கம் 1.0 என்று மாற்றி வைக்க வேண்டும். அப்போது ஒரு பக்கம் 9, மறு பக்கம் 8, ஆக 17 பேலட். மூன்று வண்டிக்கு 51. மிச்சம் மூன்று பேலட்டுக்காக நான்காவது லாரி.

ஆகவே மாடலில் கன மீட்டரை எடுத்துவிட்டு ‘பேலட் இடம்’ என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். வண்டி வகை வாரியாக அந்த எண்ணை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். புரோக்கர் சொல்லும் அளவை நம்ப வேண்டாம். மிச்ச மூன்று பேலட்டுக்கு முந்தின நாளே சரக்குக்காரருக்குப் போன் போட்டு, பெட்டிகளைப் பிரித்து மேலே லூஸாக ஏற்றலாமா என்று கேட்டிருந்தால் ஒரு முழு வாடகை மிச்சம். பெட்டி தாங்குமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

ஆக்சில் எடையும், அதாவது ஒவ்வொரு சக்கர அச்சின் மேலும் விழும் எடையும், இதே வகைப் பொறிதான். வகுப்பில் பெரும்பாலும் மொத்த எடையோடு நிறுத்திவிடுவார்கள். 2018-க்குப் பிந்தைய விதிப்படி முன் ஆக்சிலுக்கு 7 டன், நான்கு டயர் உள்ள பின் ஆக்சிலுக்கு 11.5 டன், இரண்டு ஆக்சில் வண்டிக்கு மொத்தம் 18.5. ஒரு உதாரணம்: வீல்பேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு இடையிலான தூரம்) 5 மீட்டர், காலி வண்டியில் முன்னால் 4 டன், பின்னால் 3 டன், சரக்கு 10 டன். சரக்கின் எடை மையம் பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் முன்னால் விழுந்தால் சரக்கில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 8 டன், பின்னால் கூடும். ஆக 11, தப்பித்தீர்கள். அதே சரக்கு அரை மீட்டர் பின்னே தள்ளிப்போனால் 9 கூடி 12 டன் ஆகிவிடும். மொத்தம் 17 தான், ஆனாலும் பின் ஆக்சில் வரம்பு மீறிவிட்டது. ஓவர்லோடு பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதிகச் சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில்.

இன்னொரு வேடிக்கை. இதே லாரி, எடை மையம் ஒரு மீட்டர் முன்னால் இருந்த அந்தச் சரியான லோடோடு போய், முதல் இடத்தில் பின்பக்கக் கதவு வழியாக 4 டன்னை இறக்கிவிட்டுப் புறப்படுகிறது. மீதி 6 டன் முன்பக்கம் நிற்கிறது, எடை மையம் இப்போது பின் ஆக்சிலுக்கு 2.4 மீட்டர் முன்னால். முன் ஆக்சில் எடை 6 டன்னிலிருந்து 6.9-க்கு ஏறிவிடும். வண்டி லேசாகியும் முன் ஆக்சில் கனக்கிறது! பல இடங்களில் இறக்கும் டிரிப்புக்கு ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் இந்தக் கணக்கைப் போடுங்கள். கொஞ்சம் சரக்கை நடுவுக்கு நகர்த்தினாலே சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: எக்ஸெலோடு வரும் சால்வர் 200 மாறிகளுக்கு மேல் ஏற்காது. ஒவ்வொரு ஆர்டர்-லாரி ஜோடியும் ஒரு மாறி என்பதால் 20 ஆர்டர், 11 லாரி என்றாலே 220 ஆகிவிடும். ஓபன்சால்வர் இலவசம், அதற்கு மாறுங்கள்.

என் கோர்ஸில் “டிரைவர் 11 மணி நேரம் ஓட்டலாம்” என்று பாடம். அதை வைத்து சென்னைப் பக்கத்திலிருந்து புனேவுக்கு பிளான் போடலாமா? இ-வே பில் காலாவதி ஆகாதா?
– வாசகர், நாமக்கல்

11 மணி நேரம் அமெரிக்க விதி: தொடர்ந்து 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு, 14 மணி நேரத்துக்குள் 11 மணி ஓட்டலாம். ஐரோப்பாவில் நாளுக்கு 9, நாலரை மணிக்கு ஒருமுறை 45 நிமிட இடைவெளி. நம் நாட்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு 1961-ஆம் வருடச் சட்டம் வைத்த கணக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே 8 தான். வெளிநாட்டுக் கோர்ஸ் படிப்பவர்கள் முதலில் திருத்த வேண்டிய எண் இது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து புனே சுமார் 1,150 கி.மீ. மணிக்கு 40 கி.மீ. என்று வைத்தால் 29 மணி நேர ஓட்டம். ஒரு டிரைவருக்கு நான்கு நாள், இரண்டு டிரைவர் மாறி ஓட்டினால் இரண்டு நாள். கோர்ஸ் உதாரணங்களில் வரும் மணிக்கு 60 கி.மீ. வேகத்தை டோல், ஊர் எல்லை நெரிசல், சாப்பாடு எல்லாம் சேர்ந்த சராசரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஜிபிஎஸ் பதிவிலேயே உண்மையான சராசரி இருக்கிறது. வழித்தடம் வாரியாக எடுங்கள்.

இ-வே பில்லுக்கு (சரக்கு போகும்போது கூடவே இருக்க வேண்டிய ஜிஎஸ்டி மின்னணு ஆவணம்) 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பதால் உங்களுக்கு 6 நாள் கிடைக்கும். நாள், அந்த பில்லின் வண்டி விவரப் பகுதியான பார்ட் பி-யில் வண்டி நம்பர் போட்டதிலிருந்து ஓடத் தொடங்கும். சிக்கல் வருவது வழியில் வண்டி பழுதாகி வேறு லாரிக்கு மாற்றும்போது. பார்ட் பி-யைப் புது நம்பரோடு திருத்தாமல் நகர்ந்தால் செக்கிங்கில் மாட்டுவீர்கள். நீட்டிக்க வேண்டுமென்றால் காலாவதிக்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்புவரை மட்டுமே முடியும். நள்ளிரவில் முடியும் பில்லுக்கு மறுநாள் காலை 8 மணிதான் கடைசி. அந்த வேளையில் யார் லாக்-இன் செய்வது என்பதையும் பிளானிலேயே எழுதி வையுங்கள்.

எஸ்ஏபி டிஎம் என்ற போக்குவரத்து நிர்வாக சாஃப்ட்வேர் படித்தால்தான் வேலை என்கிறார்களே?
– வாசகர், அம்பத்தூர்

அதைப் பயன்படுத்தும் பெரிய கம்பெனிக்குப் போவதாக இருந்தால் படியுங்கள். சர்வர் அணுகல் தராமல் வெறும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் காட்டும் வகுப்பு வேண்டாம். நடுத்தர டிரான்ஸ்போர்ட்டரிடம் இன்டர்வியூவில் கேட்பது வேறு: “கோயம்புத்தூருக்கு 480 கி.மீ. போய்க் காலியாகத் திரும்பினால் டன்னுக்கு என்ன விழும்?” லோடோடு லிட்டருக்கு 4 கி.மீ., காலியாக 5 என்றால் போக 120 லிட்டர், வர 96 லிட்டர். அதோடு இருபக்க டோல், பேட்டா, ஏற்றுக் கூலி, ஹால்டிங் (வண்டி காத்து நிற்கும் செலவு) எல்லாம் கூட்டி டன்னால் வகுத்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

எனக்கு 45 வயது, தமிழ் மீடியம். லாரி புக்கிங் ஆபீஸ் அனுபவம் நிறைய. ஆங்கில வகுப்பு புரியுமா?
– வாசகர், சங்ககிரி

என்பிடெல்லில் சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. சேருமுன் பாடப் பக்கத்தில் பாருங்கள். ரிட்டர்ன் லோடு, சீசன் வாடகை, எந்த ஊரில் எத்தனை மணி ஹால்டிங் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். குறைவது எக்ஸெல் மட்டும்தான். பிவட் டேபிள், லுக்அப், சால்வர் மூன்றையும் முதலில் தமிழ் யூடியூப் வீடியோக்களில் பழகுங்கள். பயிற்சிக்கு உங்கள் ஆபீஸின் போன மாத எல்.ஆர். (லாரி ரசீது) புத்தகத்தையே தட்டச்சு செய்து பயன்படுத்துங்கள். சரக்குக்காரர் பெயர், போன் நம்பர் இருக்கும் நெடுவரிசைகளை மட்டும் நீக்கிவிடுங்கள்.