கர்ணனின் ரகசியம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் தங்கி ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கிறேன். அவல நாயகனின், அதாவது துன்பத்தில் முடியும் நாடகத்தின் நாயகனின், குணம் நாடகத்தில் எந்த உத்திகளால் வளர்கிறது என்று கட்டுரை எழுத வேண்டும். தனிமொழி, முரண்நகை, எதிர்நிலைப் பாத்திரம் என்று வகுப்பில் சொன்னவை கிரேக்க நாடகத்தின் ஈடிபஸுக்கும் ஷேக்ஸ்பியரின் மாக்பெத்துக்கும் பொருந்துகின்றன. எனக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம். சின்ன வயதிலிருந்து கர்ண மோட்சம் தெருக்கூத்து பார்த்து அழுதிருக்கிறேன். கூத்தில் இந்த உத்திகள் எதுவும் இல்லையே, பிறகு ஏன் அழுகை வருகிறது?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

எல்லாம் இருக்கின்றன. வேறு இடத்தில் இருக்கின்றன.

முரண்நகையையே பாருங்கள்; பாத்திரத்துக்குத் தெரியாதது பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருப்பதுதான் அது. சொஃபக்ளீஸின் ஈடிபஸுக்குத் தன் பிறப்பு தெரியாது. பார்க்க வந்த ஏதென்ஸ்காரர்களுக்குக் கதை தெரியும். தன் கையால் இறந்த லாயஸ் தன் தந்தை என்று அறியாமல், அவரைக் கொன்றவனைச் சபிக்கும்போது அவன் தன்னையே சபித்துக்கொள்கிறான். கர்ணனிடம் இது தலைகீழ். பதினேழாம் நாள் தேரேறும்போது அவனுக்கு எல்லாம் தெரியும். கண்ணன் சொல்லிவிட்டான், குந்தி வந்து வரம் வாங்கிப் போய்விட்டாள். தெரியாதவன் எதிரே வில்லோடு நிற்கும் தம்பி. வியாச பாரதத்தில் கர்ணன் கண்ணனிடம் கேட்டுக்கொள்வதைக் கவனியுங்கள்: இதைத் தருமனிடம் சொல்லாதே, சொன்னால் ராஜ்யத்தை என்னிடம் கொடுத்துவிடுவான், நான் அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன். அந்த ரகசியத்தை அவனும் நாமும் சேர்ந்து சுமக்கிறோம். விடியவிடிய வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதில்தான் உங்கள் அழுகை ஊறுகிறது என்று நினைக்கிறேன்.

இதைவிட நுட்பமானது திரைப் பிரவேசம். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, வேடக்காரர் அதன் பின்னால் நின்று தன் வருகையைத் தானே படர்க்கையில் பாடுகிறார். கிரீடம் மட்டும் மேலே அசைகிறது. அப்புறம் கூத்தை அறிமுகம் செய்து வேடிக்கையும் காட்டும் கட்டியக்காரன் கேட்கிறான்: வந்திருப்பது யார், ஊர் என்ன, பேர் என்ன? மற்ற ராசாக்களுக்கு இது வழக்கமான மரியாதை. துரியோதனன் மார்தட்டிப் பதில் சொல்வான். கர்ணனுக்கோ அவன் வாழ்க்கை முழுவதையும் அறுத்த கேள்வியே இதுதான். அஸ்தினாபுரத்து அரங்கில் அர்ச்சுனனை எதிர்க்க வந்து நின்றபோது குலத்தைக் கேட்டுத்தான் அவனைத் தலைகுனிய வைத்தார்கள். எல்லா வேடத்துக்கும் பொதுவான ஒரு மரபு, இந்த ஒரு வேடத்துக்கு மட்டும் காயமாகிவிடுகிறது. இதை எழுதியவர் யாரும் தனியாக யோசித்து வைக்கவில்லை. கூத்தின் அமைப்பே செய்து கொடுக்கிறது. நல்ல வேடக்காரர் அந்தப் பதிலுக்கு முன் ஒரு கணம் நிற்பார்.

தனிமொழி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாக்பெத் தனியாக நின்று தனக்குள் வாதிடுவதைக் கூத்தில் கர்ணன் பாட்டாகப் பாடுகிறான், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். அவன் மனம் ஊர் நடுவே ஒலிக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அவல நாயகன் முழு நல்லவனும் அல்ல, கொடியவனும் அல்ல என்கிறார் அரிஸ்டாட்டில். கர்ணனைக் கொடைவள்ளலாக மட்டும் காட்டும் மேடைகள் அவனுடைய குற்றமுள்ள பாதியை அழித்துவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வியாசரின் சபா பருவத்தில் திரௌபதியின் ஆடையை உரியச் சொல்பவன் கர்ணன். 1989இல் இரண்டாகப் பிரிந்த பழைய வடஆற்காட்டில், புரிசை, ஆரணி, கலவை என்று எந்தப் பக்கம் போனாலும், பாரதக் கூத்து பெரும்பாலும் திரௌபதி அம்மன் திருவிழாவில்தான் நடக்கிறது. அவன் அவமானப்படுத்திய பெண் தெய்வமாக வீற்றிருக்க, அவள் திருவிழாவிலேயே ஊர் அவனுக்காக அழுகிறது. அவன் குற்றத்தை மறைக்காமல் வைத்தால் அந்த அழுகைக்கு எவ்வளவு கனம் கூடும் பாருங்கள்.

நாயகனுக்கு எதிரே நின்று அவன் குணத்தை எடுத்துக்காட்டும் எதிர்நிலைப் பாத்திரத்துக்கு அர்ச்சுனனை எடுக்காதீர்கள். சல்லியனை எடுங்கள். நினைத்ததைப் பேசுவேன் என்று நிபந்தனை போட்டுத் தேரோட்ட வந்தவன் அவன். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று காலமெல்லாம் இகழப்பட்டவனுக்குக் கடைசி நாளில் ஒரு ராசா தேரோட்டுகிறான், வழியெல்லாம் இகழ்ந்துகொண்டே. உங்கள் கட்டுரையின் நடுப்பகுதியை அங்கிருந்து தொடங்கலாம்.

அன்புடன்