எலி பிழைத்தது எதைச் சொல்கிறது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. நெஞ்செரிச்சலுக்காக லிட்டில் இந்தியா பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சங்கு பற்பம் (சங்கைச் சுட்டு நீறாக்கிய சித்த மருந்துப் பொடி) வாங்கினோம். “கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வீதம் கொடுத்தும் ஓர் எலிகூடச் சாகவில்லை” என்றார் கடைக்காரர். ஒரு மண்டலம் சாப்பிடலாமா? அம்மா தைராய்டு மாத்திரையும் எடுக்கிறார்.
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் சொன்னது ஒரே வேளைச் சோதனையின் முடிவு. ஓஇசிடி (OECD) என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வகுத்த 423ஆம் சோதனை வழிகாட்டி முறையில், இரவு முழுவதும் தீனி கொடுக்காமல் வைத்திருந்த மூன்று எலிகளுக்கு, பெரும்பாலும் பெண் எலிகளுக்கு, மருந்தைக் குழாய் வழியே ஒரே முறை வயிற்றுக்குள் செலுத்தி 14 நாள் கவனிப்பார்கள். 200 கிராம் எலிக்கு அந்த அளவு 400 மில்லிகிராம். அதை அப்படியே பெருக்கி, 60 கிலோ மனிதருக்கு 120 கிராம் என்று சொல்வது தவறு. உடற்பரப்பைக் கணக்கில் கொண்டு 6.2ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 19 கிராம் வரும். வைத்தியர்கள் ஒன்றிரண்டு குன்றிமணி எடை, அதாவது 130 முதல் 260 மில்லிகிராம்தான் கொடுப்பார்கள் என்பதால், ஒரு வேளைக்கு அஞ்சத் தேவையில்லை.

மண்டலம் என்பது 48 நாள். அதற்கு 28 நாள், 90 நாள் சோதனைகளின் முடிவுகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் நாள்தோறும் மருந்து கொடுத்து, எடையையும் தின்ற தீனியையும் குறித்துவந்து, இறுதியில் இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் கல்லீரல் நொதிகளையும் அளந்து, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எலி துள்ளிக்கொண்டிருக்கும்போதே அதன் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அங்கேதான் தெரியவரும். (எலிக்கு வாந்தி எடுக்கவே வராது; வயிற்றைப் புரட்டினால் களிமண் போன்றவற்றைத் தின்னும். ஆகவே “வாந்தி ஏற்படவில்லை” என்று எந்த அறிக்கையாவது பெருமைப்பட்டால், சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டலாம்.)

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது அந்தத் தைராய்டு மாத்திரை. சங்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்; கால்சியம் அந்த மாத்திரையைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். ஆய்வுக்கூட எலியோ இளமையானது, நோயற்றது, வேறு மாத்திரை எதுவும் விழுங்காதது. எனவே எத்தனை எலிகளுக்குக் கொடுத்தாலும் இது வெளிப்படாது. இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் விடவேண்டும். மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சோதித்த பொடியும் உங்கள் கையிலுள்ள பொடியும் ஒன்றுதானா என்பது அடுத்த சிக்கல். சங்கு எந்தக் கடலில் வளர்ந்தது, எப்படிப் புடமிடப்பட்டது என்பதைப் பொறுத்து உலோக அளவு மாறும். மலேசியாவில் பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமையும், பாதரசம் 0.5 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. பொட்டலத்தில் ‘எம்ஏஎல்’ (MAL) எனத் தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் ‘டி’ (T) எழுத்து வரும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் காகிதத்தில் மடித்துத் தந்திருந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிசேரியனுக்குப் பின் என் மனைவியை ஹாருவான் சாறு குடிக்கச் சொல்கிறார்கள். நம் விரால் மீன்தானே, அதற்கும் எலிச் சோதனை எதற்கு?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: வீட்டில் சூப் வைத்துக் கொடுத்தால் அது உணவு. பல மீன்களின் சத்தை வடித்துப் போத்தலில் அடைத்து, நாள்தோறும் குடிக்கச் சொல்லும்போது அளவு தட்டைத் தாண்டிவிடுகிறது; அதனால்தான் சோதனை. ஆனால் விரால் வயற்கால்வாயிலும் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டையிலும் சிறு மீன்களைத் தின்று வளர்வது. அதில் சேர்ந்திருக்கக்கூடிய பாதரசத்தை இரசாயனப் பகுப்பாய்வுதான் நேராகக் காட்டும். மனைவிக்கு மீன் ஒவ்வாமை இருந்தால், எலி தாங்கியது என்பது எதற்கும் உதவாது.

கேள்வி: கண்ணுக்கு நல்லதென்று புல்கெண்டையின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கலாமா?
(வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: வேண்டவே வேண்டாம். இப்படி விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனவர்கள் ஆசிய நாடுகள் பலவற்றில் உண்டு. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. எலிக்குப் பித்தப்பையே கிடையாது என்றாலும், இந்த மீனின் பித்தத்தைக் கொடுத்தபோது அதன் சிறுநீரகமும் கெட்டது. யாராவது ஏற்கெனவே விழுங்கியிருந்தால், வயிற்றுவலி வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போய், என்ன மீன் என்பதையும் சொல்லுங்கள்.