ஜெர்மன் ஆபீசில் பிறந்தநாள் கேக்: எதை வாங்கலாம், எதைச் செய்யலாம்?

தம்பி, ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்து முதல் பிறந்தநாள் வருகிறது, "கேக் உண்டுதானே?" என்று ஆபீசில் கேட்கிறார்கள், முட்டை பரவாயில்லை, கறி கொழுப்பு கூடாது, என்ன செய்ய என்று கேட்டிருந்தீர்கள்.

அவர்கள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இங்கே யாருக்குப் பிறந்தநாளோ அவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். அன்றைக்கோ மறுநாளோ கொண்டுபோங்கள், முந்தின நாள் வேண்டாம். முன்கூட்டி வாழ்த்துவதை இங்கே அபசகுனமாக நினைப்பார்கள். ஆமாம், ஜெர்மன்காரர்கள்தான்!

கடையில் வாங்கினால் கிரீம் டோர்ட்டே (கிரீம் அடுக்கிய கேக்) பக்கம் போகாதீர்கள். கிரீம் குலையாமல் நிற்க ஜெலட்டின் சேர்த்திருக்கலாம். அது பெரும்பாலும் பன்றியிலிருந்து வருவது. நம்மூர் பிளாக் ஃபாரஸ்ட் கேக்கின் அசல் உங்கள் பக்கத்துக் கருங்காட்டின் (பிளாக் ஃபாரஸ்ட்) பெயரைக் கொண்ட ஜெர்மன் பண்டம்தான், ஆனால் இங்கே அதில் கிர்ஷ்வாஸர் என்ற செர்ரிச் சாராயம் இருக்கும். கிரீம் இல்லை என்றும் அசந்துவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து ஸ்வாபியப் பிரெட்சல் (முடிச்சு வடிவ ரொட்டி) மாவில் ஷ்மால்ட்ஸ், அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்ப்பதுண்டு. பெர்லினர் என்ற ஜாம் வைத்த உருண்டை டோனட்டை அதில் பொரிப்பவர்களும் உண்டு. "ஷ்மால்ட்ஸ் ட்ரின்?" (உள்ளே ஷ்மால்ட்ஸ் இருக்கிறதா?) என்று கேட்டாலே பதில் சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் செய்வதே நிம்மதி. 250 கிராம் வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் சேர்த்து வெளுக்கும்வரை அடியுங்கள். 4 முட்டையை ஒவ்வொன்றாக ஊற்றுங்கள். எல்லாம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், இல்லையென்றால் திரிந்துபோகும். பிறகு 405 என்று போட்ட மாவு (நம் மைதாவுக்கு மிக நெருக்கம்) 375 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் பாக்கெட், பால் 100 மில்லி. இங்கே ஒரு பாக்கெட் 500 கிராம் மாவுக்கான அளவு. 180 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம். விசிறி ஓடும் உம்லுஃப்ட் என்றால் 160தான். 180லேயே விட்டால் மேலே கருகி நடு வேகாது. குச்சி குத்தி, மாவு ஒட்டாமல் வந்தால் இறக்குங்கள்.

நம் இனிப்பும் கொண்டுபோகலாம், ஆனால் அவர்கள் நாக்குக்குத் தித்திப்பு அதிகம். மைசூர்பாகை லட்டு அளவுக்கு வெட்டாமல் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டுங்கள். ஏலக்காய்க்கு முகம் சுளிக்க மாட்டார்கள், கிறிஸ்துமஸ் மசாலா கேக்கான லெப்கூகனில் அதைத் தின்று பழக்கம். இனிப்புச் செய்ய மில்க்மெய்டு தேடினால் வெறும் கொண்டென்ஸ்மில்ஷ் டப்பாவை எடுத்துவிடாதீர்கள். அது காபிக்கு ஊற்றும் சர்க்கரையில்லாப் பால். கெட்ஸுக்கர்ட்டே (சர்க்கரை சேர்த்தது) என்று எழுதியிருக்க வேண்டும்.

முந்திரி, பாதாம் போட்டிருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அதை ஒரு சீட்டில் எழுதி தட்டுப் பக்கத்தில் வையுங்கள்.