பொறியில் பூச்சி இல்லை, குருத்தில் புழு!

கேள்வி: மக்காச்சோளம் முளைத்து 20 நாள் ஆகிறது. அமெரிக்கன் படைப்புழுவுக்காக ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தும் பூச்சி விழவில்லை. குருத்திலோ புழு இருக்கிறது. இப்போதே மருந்து அடிக்கலாமா?
– பெரம்பலூர் மாவட்ட வாசகர்

பதில்: பொறிக்குள் மாட்டும் கவர்ச்சி மருந்தான லூரின் உறையை எடுத்துப் பாருங்கள். பருத்தி, நிலக்கடலையில் வரும் புரோடீனியாப் புழுவுக்கான லூரை மாட்டியிருந்தால் அமெரிக்கன் படைப்புழுவின் அந்துப்பூச்சி எட்டிக்கூடப் பார்க்காது. லூர் சரிதான் என்றால், மாட்டி ஒரு மாதம் தாண்டிவிட்டதா, பொறி பயிருக்குள் மூழ்கிக் கிடக்கிறதா என்று கவனியுங்கள். பயிர் வளர வளரப் பொறியையும் நுனிக்குச் சற்று மேலே உயர்த்த வேண்டும். அதில் விழுவது ஆண் பூச்சி மட்டுமே. பொறி வைக்கும் முன்பே தாய்ப்பூச்சி முட்டையிட்டுப் போயிருக்கலாம். பொறி, வயலுக்குள் இறங்கிப் பார்க்கச் சொல்லும் மணி. மருந்தா வேண்டாமா என்பதைச் செடியை எண்ணித்தான் சொல்ல முடியும்.

ஓர வரிசைகள் ஐந்தை விட்டுவிட்டு, வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 5 இடங்களில் 20 செடி வீதம் 100 செடி பாருங்கள். காலையிலோ மாலையிலோ பார்ப்பது நல்லது. குருத்தையும் புதிதாக விரிந்த மூன்று நான்கு இலைகளையும் மட்டும் பார்த்தால் போதும். பலர் சறுக்குவது இங்கேதான்: புழு செத்த பிறகும் பழைய ஓட்டைகள் இலையோடு விரிந்து வெளியே வரும், அதையும் கணக்கில் சேர்த்து வீணாக மருந்தடிக்கிறார்கள். பச்சையம் சுரண்டிய வெள்ளைத் திட்டும், ஈர மரத்தூள் போன்ற எச்சமும் இருந்தால்தான் புதுத் தாக்குதல். இலையில் வரிசையாக விழும் துளையை மட்டும் நம்பாதீர்கள், தண்டுத்துளைப்பானும் அப்படித் துளைக்கும். குருத்தைப் பிரியுங்கள். தலையில் தலைகீழ் ‘ஒய்’ குறியும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளியும் இருந்தால் படைப்புழுவேதான்.

உங்கள் பயிர் வயதுக்கு புதுத் தாக்குதல் உள்ள செடி நூற்றில் 5-ஐத் தாண்டினால் மருந்து தேவை. குருத்து நன்றாக வளர்ந்த பிறகு 10 வரை பொறுக்கலாம். புழு சிறிதாக இருந்தால் வேம்பு மருந்தான அசாடிராக்டின் 1500 பிபிஎம், லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. பெருத்துவிட்டால் எமாமெக்டின் பென்சோயேட் 5% எஸ்ஜி, லிட்டருக்கு 0.4 கிராம். மாலையில், குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள். பெரிய புழு எச்சத்தால் குருத்தை அடைத்துக்கொள்வதால், மேலாக அடிக்கும் மருந்து அதன்மேல் படாது.

கேள்வி: ஆண் பூ வந்த பிறகும் எண்ண வேண்டுமா?
– உடுமலை வாசகர்

பதில்: பாருங்கள், ஆனால் மருந்துக்காக அல்ல. புழு கதிர் உறைக்குள் போய்விட்டால் தெளிப்பு எட்டாது. கண்ணில் பட்டதைக் கையால் எடுத்து நசுக்குவதே வழி.