மூலிகைச் சாறு மரபணுப் பிறழ்வைத் தடுக்கிறது என்ற ஆய்வு முடிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

முதுகலை ஆய்வுத் திட்டத்துக்காகவே இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நம் கல்லூரிகளில் இதற்குப் பெரும்பாலும் கையாளப்படுவது, 1970களில் கலிபோர்னியாவில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கிய சோதனை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க இயலாதபடி மரபணு பழுதான சால்மோனெல்லா பாக்டீரியாவை, அந்த அமிலம் மிகச் சொற்பமாக உள்ள தட்டில் பரப்பி, பிறழ்வூட்டும் வேதிப்பொருளைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் இரண்டு நாள் வைப்பார்கள். மறுபிறழ்வால் பழுது நீங்கிய பாக்டீரியாவே காலனியாக வளரும் என்பதால், சாறு சேர்த்த தட்டில் காலனிகள் குறைந்தால் சாறு பிறழ்வைத் தடுத்தது என்று எழுதிவிடுகிறார்கள்.

என் முனைவர் பட்ட ஆய்வில் கடுக்காய்ச் சாற்றைச் சோடியம் அசைடு என்ற பிறழ்வூட்டும் வேதிப்பொருளுக்கு எதிராகச் சோதித்தேன். அடர்வு கூடிய தட்டுகளில் காலனிகளே இல்லை. நெறியாளர் அன்று மாலையே கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டார். ஆனால் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அந்தச் சொற்ப ஹிஸ்டிடினைக் கொண்டு எல்லாப் பாக்டீரியாக்களும் சற்றே பெருகுவதால் தெரிய வேண்டிய மெல்லிய படலத்தையும் காணவில்லை. கடுக்காய்க்குத் துவர்ப்பைத் தரும் டானின்கள் பாக்டீரியாவைக் கொல்லக்கூடியவை. செத்த பாக்டீரியா பிறழ்வதும் இல்லை, வளர்வதும் இல்லை. பாக்டீரியா பிழைத்திருக்கும் அளவுக்குச் சாற்றை நீர்க்கச் செய்து மீண்டும் சோதித்தபோது, சோடியம் அசைடுக்கு எதிராக எந்தப் பயனும் தெரியவில்லை. எலியின் கல்லீரல் நொதிகள் சேர்ந்தால்தான் வினைபுரியும் 2-அமினோஃபுளோரின் என்ற இன்னொரு பிறழ்வூட்டிக்கு எதிராக மட்டும் காலனிகள் குறைந்தன. அப்போதும் சாறு மரபணுவைக் காத்ததா, அந்த நொதிகளை முடக்கியதா என்ற கேள்வி எஞ்சியது. இதை உள்ளபடியே எழுதி அனுப்பிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் "புதுமை போதாது" என்று திருப்பியது. பாக்டீரியா உயிரோடிருந்ததா என்றே சொல்லாத கட்டுரைகள் அதே இதழில் வந்துகொண்டிருந்தன என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

சித்த மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர், தொடர்ந்து புகைபிடிக்கும் 16 பேருக்கு நாளொன்றுக்கு 1.5 கிராம் மஞ்சளை 30 நாள் கொடுத்து, அவர்களுடைய சிறுநீரில் பிறழ்வூட்டிகள் குறைந்ததை இதே சோதனையைக் கொண்டு 1992இல் வெளியிட்டார்கள். மனித உடலுக்குள் சென்று வந்த பின் அளந்தது என்பதால் அதற்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன். மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும் என்று அதிலிருந்து தாவ மாட்டேன். மூலிகை என்பதாலேயே அது காக்கும் என்போர், ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருள்களின் பட்டியலில் இருப்பதையும் கருத வேண்டும்.

ஆகவே வேதிப்பொருள் எதுவும் இல்லாமல் சாற்றை மட்டும் சேர்த்த தட்டு ஒன்றை ஒவ்வொரு முறையும் வையுங்கள். வெங்காயத்தில் உள்ள குவர்செடினே இந்தச் சோதனையில் பிறழ்வை உண்டாக்கும். உங்கள் சாற்றிலும் அப்படி ஒன்று இருந்தால் அந்தத் தட்டில்தான் தெரியும்.