கறையா, சாயமா? ‘ஸ்டெயின்’ பற்றிச் சில கேள்விகள்

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் ‘ஸ்டெயின்’ என்ற சொல்லைப் பற்றி வேலூர் வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

காட்பாடி, கல்லூரி மாணவி: ஐயா, அகராதியில் கறை என்றும் இருக்கிறது, சாயமேற்றுதல் என்றும் இருக்கிறது. ஒரே சொல் எப்படி இரண்டும் ஆகும்?

நிறம் பொருளுக்குள் இறங்கித் தங்கிவிட்டால் அது ஸ்டெயின், அவ்வளவுதான். சட்டையில் சிந்திய காபி தானாக இறங்கியது. தேக்குக் கதவில் தச்சர் தேய்ப்பது வேண்டுமென்றே இறக்கியது. பெயின்ட் மரத்தின் மேல் படலமாகி ரேகையை மறைக்கும். ஸ்டெயின் ஊறிப்போவதால் ரேகை தெரியும். தமிழ் இதற்கு இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. எனவே ‘கதவுக்குக் கறை பூசினார்’ என்று தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள்.

ஆம்பூர், தோல் பதனிடும் தொழிலாளி: ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஈரத்தோலில் இரும்பாணி பட்டால் கறுத்துவிடுகிறது. மேற்பார்வையாளர் ‘அயர்ன் ஸ்டெயின்’ என்கிறார். துருதானே?

துரு என்றால் செம்பழுப்பாக இருக்கும். உங்கள் தோலில் விழுவது கறுப்பு. பட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், ஈரத்தில் கரைந்த இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. அந்தக் காலத்தில் டானின் உள்ள கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கலந்து மை காய்ச்சினார்களே, அதுவும் இதே வினைதான். ஆக, ஆணி உங்கள் தோலில் மை தொட்டு எழுதிவிட்டுப் போகிறது! அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கினால் விரல் கறுப்பதற்கும் டானினுக்கும் உறவு உண்டு.

குடியாத்தம், இல்லத்தரசி: மேசைவிரிப்பில் மஞ்சள் கறை. சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது. துணி பாழா?

பதறாதீர்கள் அம்மா. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதல்லவா? மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும். சோப்பில் இருப்பதும் காரம்தான். நன்றாக அலசினால் மஞ்சள் திரும்பிவிடும். பிறகு வெயிலில் காயப்போடுங்கள். குர்குமின் ஒளி தாங்காது, வெளுத்துவிடும். நம் ஊர் வெயில் இதற்காவது உதவட்டும்.

வேலூர், ஆய்வுக்கூடப் பயிற்சி மாணவர்: ‘கிராம் ஸ்டெயின்’ என்பதை ‘கிராம் கறை’ என்று எழுதலாமா?

கூடாது, ‘கிராம் சாயமேற்றம்’ என்று எழுதுங்கள். கிராம் என்பது எடையும் இல்லை. பாக்டீரியாக்களை இரு வகையாகப் பிரித்துக் காட்டும் இம்முறையை 1884-இல் வெளியிட்ட டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராமின் பெயர். ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் விட்டு, ஆல்கஹாலில் கழுவுவீர்கள். ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும் பாக்டீரியா ஒரு வகை. விட்டுவிட்டு அடுத்த சாயத்தில் இளஞ்சிவப்பாவது மற்றது. சாயம் போகிறதா, நிற்கிறதா என்பதே அங்கே பரிசோதனை.

ஆற்காடு, வாசகர்: ஒருவர் பெயருக்கு ஸ்டெயின் என்றால்?

களங்கம். ஆனால் ‘டியர்-ஸ்டெயின்ட்’ முகத்தில் களங்கம் ஏதுமில்லை. அது கண்ணீர்த் தடம் காய்ந்த முகம்.

ராணிப்பேட்டை, வாசகி: ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பெயர் வைத்துவிட்டு எவர்சில்வர் குடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கறை படிகிறதே?

எவர்சில்வரில் வெள்ளியே கிடையாது, அந்தப் பெயரை யார் கேட்டார்கள்? எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். உங்கள் குடத்தில் இருப்பது போர் தண்ணீரின் உப்பு. மேலே ஒட்டியிருக்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை. என் கணக்கில் அது ஸ்டெயினே இல்லை. புளி போட்டுத் தேயுங்கள், போய்விடும்.